ஒரு தாள் ஆணை
1914ஆம் ஆண்டின் பொதுப் படைதிரட்டு அறிவிப்புக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு விளக்கவுரை

மூலம் பற்றி

1914 ஆகஸ்ட் 1, சனிக்கிழமை பிற்பகல். பிரான்சின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் ஒரே மாதிரியான சுவரொட்டி ஒன்று ஒட்டப்பட்டது. உச்சியில் குறுக்காக வைத்த இரண்டு மூவண்ணக் கொடிகள். அவற்றின் கீழே, தரைப்படைக்கும் கடற்படைக்கும் பொதுவான படைதிரட்டு ஆணை என்னும் தலைப்பு. அதற்கும் கீழே ஐந்தாறு சிறு பத்திகள். நின்று படிப்பவருக்கு ஒரு நிமிடம் போதும்.

அந்த ஒரு நிமிடத்து எழுத்துக்குக் கட்டுப்பட்டு, சில வாரங்களுக்குள் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் படைப்பிரிவுகளில் போய்ச் சேர்ந்தார்கள். நான்கு ஆண்டுப் போர் முடியும்போது திரட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய 80 லட்சம். இறந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல்.

ஒரு நாடு தன் மக்களையும் பொருளையும் போருக்கு எப்படித் திருப்புகிறது என்று அறிய விரும்புவோர் பருத்த வரலாற்று நூல்களைத் தேடிப் போகிறார்கள். இந்த ஒற்றைத் தாளை வரிவரியாகப் படித்தாலே பாதி விளங்கிவிடும். எஞ்சிய பாதி, தாளில் எழுதாமல் விட்டதில் இருக்கிறது. பிரான்சின் சுவர்களுக்காக எழுதிய இந்த ஆணையை நான் புதுச்சேரியில் நின்று படிக்கிறேன். அன்று புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் பிரெஞ்சு இந்தியா. பாரிசில் படிப்பவர் கண்ணில் படாமல் நழுவும் சில இடங்கள் இங்கிருந்து படிப்பவருக்குப் பளிச்சென்று தெரிகின்றன.

மூலத்தின் கருத்தைப் பகுதி பகுதியாகத் தமிழில் தந்து, ஒவ்வொன்றின் கீழும் விளக்கம் எழுதுகிறேன்.

1. ஆணையிடும் பகுதி

*மூலக் கருத்து:* குடியரசுத் தலைவரின் ஆணைப்படி தரைப்படையும் கடற்படையும் திரட்டப்படுகின்றன. அப்படைகளை நிறைவு செய்யத் தேவையான விலங்குகள், வண்டிகள், சேணங்கள் கையகப்படுத்தப்படுகின்றன.

*விளக்கம்:* முதலில், ஆணையிடுபவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். 1875ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின்படி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இசையாமல் குடியரசுத் தலைவர் போர் அறிவிக்க முடியாது. படை திரட்டுவதற்கு அந்தத் தடை இல்லை. தலைவரின் ஆணையே போதும். அதனால்தான் ஆகஸ்ட் 1 அன்று அரசு, படைதிரட்டு என்பது போர் ஆகாது என்று மக்களுக்குத் தனியாக ஓர் அறிக்கை விடுத்தது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் அறிவித்தது. நாட்டின் ஆண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பத் தொடங்கிய பிறகுதான் மக்களின் சார்பாளர்கள் போர் குறித்துக் கூடிப் பேசினார்கள். படைதிரட்டு எந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால் அரசியல் அதற்குப் பின்னால்தான் ஓட வேண்டியிருக்கிறது. இந்த உண்மை ஆணையின் முதல் வரியிலேயே அடங்கியிருக்கிறது.

அடுத்தது விலங்கும் வண்டியும். ஆள் திரட்டும் ஆணையின் முதல் வாக்கியத்திலேயே குதிரையும் சேணமும் ஏன் வர வேண்டும்? பீரங்கியை இழுக்கவும், உணவைச் சுமக்கவும், காயம்பட்டவரைக் கொண்டுவரவும் அன்றைக்குப் பெரும்பாலும் குதிரைதான். 1877ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கையகப்படுத்தலை ஒழுங்குபடுத்தியது. எந்த ஊரில் எத்தனை குதிரை, எத்தனை வண்டி என்ற கணக்கை அரசு அமைதிக் காலத்திலேயே எடுத்து வைத்திருந்தது. எடுத்துக்கொள்ளும் பொருளுக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும் என்பதும் சட்டம்.

கணக்கும் ஈடும் இல்லாமல் படை கிளம்பினால் என்ன ஆகும்? அதைப் புதுச்சேரி 1758இலேயே பார்த்துவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் பிரெஞ்சுப் படைத்தலைவர் கவுண்ட் லாலி இங்கே வந்து இறங்கினார். இறங்கிய சூட்டோடு கடலூரை நோக்கிப் படையை அனுப்பினார். இழுவைக் காளைகள் இல்லை, தானியச் சேமிப்பு இல்லை, கருவூலம் காலி. சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் ஊர் மக்களையே சாதி, நிலை பாராமல் பிடித்து வரச் செய்தார். ஜூன் தொடக்கத்தில் புனித டேவிட் கோட்டை அவர் வசமானது உண்மைதான். ஆனால் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டித் தஞ்சாவூர் மீது படையெடுத்து வெறுங்கையோடு திரும்பினார். சென்னையை முற்றுகையிட்டுக் கைவிட்டார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார். 1761 ஜனவரியில் பட்டினி கிடந்த புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. லாலியிடம் வீரத்துக்குக் குறைவில்லை. குடிமக்களின் ஒப்புதலும், பொருளும், போக்குவரத்தும் இல்லாத படை தன் எடையாலேயே விழும் என்பதற்கு அவர் கதை சான்று. அரசின் ஆறு உறுப்புகளைச் சொன்ன வள்ளுவர் படையை அவற்றுள் ஒன்றாகத்தான் வைத்தார். குடிமக்களையும் பொருள்வளத்தையும் அதற்கு நிகராக வைத்தார்.

1914இன் ஆணை லாலியின் தவற்றைத் திருத்திக்கொண்ட ஆணை. ஆளும் பொருளும் ஒரே வாக்கியத்தில் வருவதன் காரணம் அதுவே.

2. நாள் குறிக்கும் பகுதி

*மூலக் கருத்து:* படைதிரட்டின் முதல் நாள் 1914 ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை.

*விளக்கம்:* இந்தச் சுவரொட்டி 1904இலேயே அச்சாகி, கட்டுக்கட்டாக வைக்கப்பட்டிருந்தது. நாள் குறிக்கும் இடம் மட்டும் வெற்றாக விடப்பட்டிருந்தது. பத்தாண்டு கழித்து அந்த வெற்றிடத்தில் ஒரு தேதி ஏறியது. அவ்வளவுதான், ஆணை உயிர்பெற்றது.

நாடு முழுவதையும் திரட்டுவதென்பது போர் வரும் நாளில் தொடங்கும் வேலை அன்று. யார் எந்த ரயிலில், எந்த நிலையத்திலிருந்து, எந்தப் படைமுகாமுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் கணித்துத் தீட்டப்பட்டிருந்தது. அறிவிப்பு இத்தனை சுருக்கமாக இருக்க முடிந்தது, அதன் பின்னால் அத்தனை நீண்ட வேலை முடிந்திருந்ததால்தான்.

ஆனால் இந்த 'முதல் நாள்' கடல் கடந்து எப்படி வரும்? புதுச்சேரிக்கு விழுப்புரத்திலிருந்து 1879 முதல் ரயில் உண்டு. அந்தப் பாதை போய்ச் சேர்வது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள். பிரான்சுக்குப் போக வேண்டியவர் கப்பலைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கடலில் அப்போது எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் திரிந்துகொண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. அக்டோபர் இறுதியில் பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் அதன் ஆட்டம் முடிந்தது. அதுவரை வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் அஞ்சி அஞ்சியே ஓடின. பாரிசில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடங்கிய 'முதல் நாள்', இங்கே மாதக் கணக்கில் நீண்டது.

அப்படி நீண்டு வந்து எட்டிய அழைப்புக்கு அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கான பிரெஞ்சு இந்தியத் தொகுதியில் போட்டியிட 1914இல் பால் ரிஷார் இங்கு வந்தார், தேர்தலில் தோற்றார். அரவிந்தரோடும், பின்னாளில் அன்னை என்று அறியப்பட்ட மிராவோடும் சேர்ந்து அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று 'ஆர்யா' இதழைத் தொடங்கினார். அதற்கு ஒரு பிரெஞ்சுப் பதிப்பும் உண்டு. போர் தொடங்கிப் பதினைந்து நாள்கூட ஆகாத வேளை அது. பால் ரிஷார் ஒதுக்குப் படையைச் சேர்ந்தவர், அழைப்பு வந்தது. 1915 பிப்ரவரி 22 அன்று அவரும் மிராவும் கப்பலேறினார்கள். பிரெஞ்சுப் பதிப்பு நின்றது. மிரா புதுச்சேரிக்குத் திரும்பியது 1920 ஏப்ரலில்தான். தத்துவ இதழ் ஒன்றின் அச்சுக்கூடம்வரை இந்த ஆணையின் கை நீண்டிருக்கிறது.

3. கடமை சொல்லும் பகுதி

*மூலக் கருத்து:* படைக் கடமைக்கு உட்பட்ட ஒவ்வொரு பிரெஞ்சுக்காரரும் தம் படைக் கையேட்டில் வைத்துள்ள வண்ணப் பக்கங்களின் கட்டளைக்குப் பணிய வேண்டும். தவறினால் சட்டத்தின் முழுக் கடுமையோடு தண்டிக்கப்படுவார்.

*விளக்கம்:* ஆணையின் உயிர் இந்தப் பகுதி. நாட்டுப்பற்று, மானம், பகை என்ற பேச்சு எதுவும் இதில் இல்லை. கையேட்டை எடு, வண்ணப் பக்கத்தைத் திற, அங்கே எழுதியதைச் செய் என்கிறது. படைப்பயிற்சி முடித்த ஒவ்வொருவரிடமும் ஒரு கையேடு இருந்தது. அவர் எங்கே எப்போது சேர வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருந்தது. அரசு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு தாளை முன்கூட்டியே வைத்துவிட்டு, சுவரொட்டி வழியாக அதைத் திறக்கச் சொன்னது.

இந்தப் பகுதியைப் புதுச்சேரியில் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இந்த ஊரில் 'படைக் கடமைக்கு உட்பட்ட பிரெஞ்சுக்காரர்' யார்?

ஐரோப்பியருக்கும் ஐரோப்பியக் கலப்பில் வந்த கிரெயோல் குடும்பங்களுக்கும் இதில் குழப்பமில்லை. தமிழர் நிலை வேறு. பிரெஞ்சு இந்தியாவின் ஆண்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாக்குரிமை வந்துவிட்டது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பினார்கள். ஆனால் திருமணம், வாரிசு, தத்து ஆகியவற்றில் அவரவர் சாதி, சமய வழக்கமே சட்டம். வாக்கில் பிரெஞ்சுக்காரர், வீட்டில் அவரவர் வழக்கத்தார் என்ற நிலை. 1881 செப்டம்பர் 21 ஆணை இதில் ஒரு கதவைத் திறந்தது. விரும்புவோர் தம் தனிச்சட்டத்தைக் கைவிட்டு, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தவர்கள் ரெனோன்சான்கள் எனப்பட்டார்கள்.

அந்தக் கதவைத் தட்டியவர்களில் முதன்மையானவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் அவர் ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார் என்று தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கைப் பாரிஸ்வரை கொண்டுபோய் வென்றார். பின்னர் லாபோர்த் என்ற குடும்பப் பெயரை ஏற்றார். கிறித்தவர்களும், சாதி அடுக்கின் அடியில் நசுங்கிக் கிடந்தவர்களும் இந்த வழியில் பெரிதும் வந்தார்கள். சாதியின் சட்டத்திலிருந்து வெளியேற அவர்களுக்கு அரசு தந்த ஒரே வழி அது. மேல்தட்டில் இருந்தவர்களுக்கு அதனால் ஆதாயம் இல்லை, அவர்கள் வெளியே நின்றார்கள், எதிர்க்கவும் செய்தார்கள்.

இப்போது ஆணையின் மூன்றாம் பகுதியை மறுபடி படித்துப் பார்க்கலாம். கடமை என்று உரிமையோடு கேட்க அரசுக்கு இங்கே எளிதில் கிடைத்தவர்கள், குடிமைச் சட்டத்தை ஏற்றவர்களே. சமத்துவம் தேடி வந்தவர்களிடமே முதலில் உயிர் கேட்கப்பட்டது. இதை வஞ்சனை என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுள் பலர் விரும்பியே போனார்கள். படைச்சீருடை அவர்களுக்கு மதிப்பைத் தந்தது. ஆனாலும் ஒரு நாட்டின் பாதுகாப்புச் சுமை, அந்த நாட்டில் மிகப் பிந்தி இடம் பெற்றவர்கள் தோளில் முந்தி ஏறுகிறது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

இதே கேள்வி செனகாலிலும் எழுந்தது. அங்கே நான்கு நகரங்களின் மக்களுக்கு வாக்கு உண்டு, முழுக் குடியுரிமை உறுதியாக இல்லை. அவர்களின் நாடாளுமன்ற உறுப்பினர் பிளெஸ் தியாஞ், முதலில் 1915இல் அவர்களைப் பிரெஞ்சுப் படைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு, படைக் கடமை ஏற்றவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களே என்று சட்டம் இயற்றவைத்தார். குருதியைக் கொடுத்துக் குடியுரிமையை எழுதி வாங்கினார். போர் மேகம் சூழ்ந்த காலத்தில் மட்டுமே அரசுகள் இத்தகைய பேரத்துக்கு இறங்கி வருகின்றன.

4. அழைக்கப்பட்டோர் பட்டியல்

*மூலக் கருத்து:* படையில் தற்போது இல்லாத, ஆனால் படைக்கு உரிய அனைத்து ஆண்களும் இதற்கு உட்பட்டோர். தரைப்படையில் குடியேற்றப் படையினரும் துணைப் பணியாளரும் அடங்குவர். கடற்படையில் பதிவு பெற்ற கடலோடிகளும் படைக்கலக் கம்மியர்களும் அடங்குவர்.

*விளக்கம்:* சட்டத்தில் ஓட்டை விழாமல் அடைக்கும் பகுதி இது. துணைப் பணியாளர் என்போர், சண்டையிடும் உடல்தகுதி இல்லாததால் எழுத்து வேலை, சமையல், தையல், மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு வைக்கப்பட்டவர்கள். முன்னணியில் நிற்கும் ஒருவருக்குப் பின்னால் இப்படிப் பலர் தேவை என்பதைப் பத்தாண்டு முன்பே தெரிந்து எழுதியிருக்கிறார்கள்.

குடியேற்றப் படையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைப்படி, பிரான்ஸ் தன் இந்திய ஊர்களில் கோட்டை கட்டக்கூடாது. காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கவும் கூடாது. நெப்போலியன் காலத்துப் போர்களுக்குப் பின் ஆங்கிலேயர் போட்ட கட்டு அது. ஒரு காலத்தில் ஆளுநர் துய்ப்ளெக்ஸ் தமிழ்ச் சிப்பாய்களை ஐரோப்பிய முறையில் பழக்கிப் பெரும்படைகளை வென்ற ஊர், நூறாண்டாகச் சிறு காவற்படையோடு இருந்தது. அதனால் புதுச்சேரியிலிருந்து படைக்குப் போனவர்கள் இங்கே நின்று காக்கப் போகவில்லை. பிரான்சுக்கும் இந்தோசீனாவுக்கும் பிற களங்களுக்கும் போனார்கள். ஏற்கெனவே சைகோனில் எழுத்தர், சுங்கப் பணியாளர், காவலர் வேலைகளில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு அந்தக் கடல்வழி பழகிய வழிதான்.

பதிவு பெற்ற கடலோடிகள் என்ற சொல்லை நம் கரையில் படித்தால் வேறொரு காட்சி. பிரான்சில் மீனவரும் மாலுமியும் அரசின் பதிவேட்டில் ஏறியவர்கள். போர் வந்தால் கடற்படைக்குச் சேர வேண்டியவர்கள். துறைமுகமே இல்லாத புதுச்சேரியில் ஆழ்கடலில் நிற்கும் கப்பலுக்கும் பாலத்துக்கும் இடையே சலங்குப் படகு ஓட்டி, அலையைப் பிளந்து சரக்கு ஏற்றி இறக்கிய மீனவர் இல்லாமல் இந்த ஊரின் வணிகம் ஒரு நாள்கூட நடந்ததில்லை. ஆணையின் எந்தப் பட்டியலுக்குள்ளும் அவர்களைப் பார்க்க முடிவதில்லை.

5. பொறுப்பும் கையொப்பமும்

*மூலக் கருத்து:* இந்த ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு குடிமை அதிகாரிகளுக்கும் படை அதிகாரிகளுக்கும் உரியது. போர் அமைச்சர், கடற்படை அமைச்சர்.

*விளக்கம்:* குடிமை அதிகாரிகளை முதலில் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒட்டுவது, முழங்குவது, குதிரையைக் கணக்கெடுப்பது, வராதவரைத் தேடுவது எல்லாம் ஊர்த்தலைவர், ஆட்சியர், காவலர் வேலை. படைதிரட்டு நடக்கும் இடம் முகாம் என்று நினைக்கிறோம். அது தொடங்குவது பிறப்புப் பதிவேட்டில்.

புதுச்சேரியில் அந்தப் பொறுப்பு ஆளுநர் அல்ஃப்ரெத் மார்த்தினோ தோளில் விழுந்தது. அவர் வரலாற்றறிஞர், 1911இல் இங்கே பிரெஞ்சு இந்திய வரலாற்றுக் கழகத்தை நிறுவியவர். போர் அவருக்கு இன்னொரு தலைவலியையும் கொண்டுவந்தது. 1761இலும் 1778இலும் 1793இலும் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் இப்போது பிரான்சின் தோழர்கள். பிரிட்டிஷ் அரசிடமிருந்து தப்பி இங்கே வாழ்ந்த சுதேசிகளை வெளியேற்ற வேண்டும் என்ற அழுத்தம் போர்க்காலத்தில் கூடியது. 1908 முதல் இங்கிருந்த பாரதியும், 1910இல் வந்த அரவிந்தரும், வ.வே.சு. ஐயரும் அந்த நெருக்கடியில்தான் நாள் கடத்தினார்கள். ஜெர்மானியப் படையின் காலடியில் கிடந்த பெல்ஜியத்தை வாழ்த்திப் பாரதி இந்தக் காலத்தில் ஒரு பாடல் எழுதினார். போர் முடிந்த பிறகு, 1918 நவம்பர் 20 அன்று பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கடலூரருகே கைதானார். நட்பு நாடுகளின் ஒப்பந்தம் ஒரு கவிஞரின் வீட்டு வாசலில் ஒற்றரை நிறுத்துகிறது. இதுவும் படைதிரட்டின் ஒரு பகுதிதான். எந்தச் சுவரொட்டியும் அதைச் சொல்வதில்லை.

கையொப்பங்கள் இரண்டே. நிதி, வணிகம், தொழிலாளர் ஆகிய துறைகளின் அமைச்சர்கள் இந்தத் தாளில் இல்லை. இந்த ஆணையின் பெரிய குறை இங்கேதான் வெளிப்படுகிறது.

6. எழுதாமல் விட்டவை

ஆணை எழுதியவர்கள் குறுகிய போரை எதிர்பார்த்தார்கள். ஆளும் குதிரையும் வந்தால் போதும். எஞ்சியது கிடங்கில் இருக்கிறது என்று நம்பினார்கள். ஆறே வாரத்தில் அது பொய்த்தது. 75 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகள் தீரத் தொடங்கின. 1914 செப்டம்பர் 20 அன்று போர் அமைச்சர் மில்லெரான் தொழிலதிபர்களை போர்தோ நகரில் கூட்டி, நாளொன்றுக்கு 1,00,000 குண்டு வேண்டும் என்றார். ஆலைகளில் வேலை தெரிந்தவர்களோ துப்பாக்கி ஏந்தி அகழியில் நின்றார்கள். 'ஒவ்வொருவரும் வருக' என்று அழைத்த அரசு, ஒரு பகுதியினரைப் 'போய்ப் பட்டறையைப் பாருங்கள்' என்று திருப்பி அனுப்ப நேர்ந்தது. 1915 ஆகஸ்டின் தால்பியே சட்டம் அதை முறைப்படுத்தியது. அப்படியும் கை போதவில்லை. லட்சக்கணக்கான பெண்கள் குண்டு ஆலைகளுக்கு வந்தார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தோசீனாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் தொழிலாளர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். இந்தோசீனாவிலிருந்து மட்டும் படையாளும் தொழிலாளருமாக ஏறக்குறைய 90,000 பேர்.

பெண்களைப் பற்றி ஆணையில் ஒரு சொல்லும் இல்லை. அறுவடை வயலில் நின்ற ஆகஸ்டு மாதத்தில் ஆண்களை அழைத்துக்கொண்ட அரசு, சில நாள் கழித்துத் தலைமை அமைச்சர் விவியானியின் பெயரால் பெண்களுக்குத் தனி வேண்டுகோள் விடுத்தது: அறுவடையை முடியுங்கள், அடுத்த விதைப்புக்கு நிலத்தை உழுங்கள் என்று. பணத்தைப் பற்றியும் சொல் இல்லை. 1915 முதல் 1918 வரை ஆண்டுக்கொன்றாக நான்கு தேசியக் கடன்கள் திரட்டப்பட்டன. 1914 ஜூலையில் சட்டமாகிய வருமான வரி 1916இல் நடைமுறைக்கு வந்தது.

நம் பக்கத்துக் கதையும் விடுபட்டதில் ஒன்று. போருக்கு முன் புதுச்சேரியின் ஏற்றுமதி என்றால் மணிலாக்கொட்டை. தென்னார்க்காட்டில் பயிரான கடலை மாட்டுவண்டியிலும் ரயிலிலும் இங்கே வந்து, மார்செய் நகரின் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பலேறியது. கப்பல்களைப் போர் எடுத்துக்கொண்டது. கடலை வாங்குவார் இல்லாமல் விலை சரிந்தது. விழுப்புரம், பண்ருட்டிப் பக்கத்து உழவர் பிரெஞ்சுக் குடிமகனும் இல்லை, படைக்கு அழைக்கப்பட்டவரும் இல்லை. மார்செய் எங்கே இருக்கிறதென்றும் அறிந்திருக்க மாட்டார். போரின் செலவில் அவர் பங்கைத் தன் களத்துமேட்டிலேயே செலுத்தினார். புதுச்சேரியின் சவானா, கெப்ளே, ரோதியே ஆலைகளின் தறிகளை நம்பியிருந்த குடும்பங்களுக்கும் கடல்வழி சுருங்குவதென்றால் சோறு சுருங்குவதுதான். செனகாலுக்குப் போன புதுச்சேரி நீலத்துணியும் அதே கடல்வழியை நம்பிய சரக்கு.

இந்தப் பாடங்களை எல்லாம் படித்துத்தான் பிரான்ஸ் 1938 ஜூலை 11 அன்று, போர்க்காலத்தில் நாட்டை ஒழுங்கமைக்கும் சட்டத்தை இயற்றியது. ஆட்களையும், எல்லா வகைப் பொருளையும் அரசு கேட்கலாம் என்றது அது. 1914இன் சுவரொட்டி விட்ட இடங்களில் பலவற்றை நிரப்பிய சட்டம். ஆனால் எழுதி நிரப்பியதால் வெற்றி வந்துவிடவில்லை; 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. அப்போது புதுச்சேரியின் ஆளுநர் லூயி பொன்வென், செப்டம்பரில் பிரெஞ்சு இந்தியாவை தெ கோலின் சுதந்திர பிரான்சோடு சேர்த்தார். நிலப்பக்கமெல்லாம் பிரிட்டிஷ் எல்லை சூழ்ந்த ஊருக்கு அதுவே பிழைப்பின் வழியும்கூட. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஒன்றியம் ஏற்பட்டது. தாய்நாட்டுக் கப்பல் வராத ஊர், பக்கத்து ஊர்ச் சந்தையால் பிழைத்தது. பொருளாதாரத்தில் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தே தீர வேண்டும் என்பதைப் போர் அரசியலுக்கு முன்பே காட்டிவிட்டது.

7. திரும்பி வருவோருக்கான வரி

ஆணையில் இல்லாத இன்னொன்று உண்டு. எனக்கு அதுதான் பெரியது. போவதற்கு நாள் குறித்திருக்கிறது. வராதவருக்குத் தண்டனை குறித்திருக்கிறது. போனவர் திரும்பி வந்தால், அல்லது திரும்பாவிட்டால், நாடு என்ன செய்யும் என்று ஒரு வரியும் இல்லை.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே, பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் மடிந்த வீரர்களுக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்றும் நவம்பர் 11 அன்றும் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். ஊருக்குள் 'சொல்தா' என்ற சொல் இன்றும் புழங்குகிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவரைக் குறிக்கும் சொல் அது. பழைய படைவீரர் கூடும் இல்லம் ஒன்றும் இருக்கிறது. புதுச்சேரியை இந்தியாவோடு இணைக்கும் ஒப்பந்தம் 1962இல் உறுதியானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களில் இத்தகைய குடும்பங்கள் பல. ஓய்வூதியப் பணத்தில் எழுந்த வீடுகளைப் பார்த்துப் பொறாமைப்படுவோர் உண்டு. அந்தப் பணம் எந்த அகழியிலிருந்து, எந்த வியட்நாம் காட்டிலிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தால் பொறாமை தங்காது.

எல்லாருக்கும் அந்த வரி எழுதப்படவும் இல்லை. 1959இல் பிரான்ஸ் ஒரு சட்டத்தால், விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் பழைய வீரர்களின் ஓய்வூதியத்தை உறையவைத்தது. ஒரே அகழியில் நின்ற இருவருக்கு இரண்டு கணக்கு. அதைச் சரிசெய்யும் வேலை 2006க்குப் பிறகே முழுமையாகத் தொடங்கியது. அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள்.

உரையின் முடிபு

இந்த ஆணையை நாம் படிக்க வேண்டியது பிரான்ஸ் மீதான ஆர்வத்தால் அன்று. இந்தியா இதுவரை கட்டாயப் படைச்சேர்க்கை கொண்டுவரவில்லை. ஆனால் நம் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, பொதுநலனுக்காகக் கட்டாயப் பணி விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. 1962இல் சீனப் போரின்போது தேசியப் பாதுகாப்பு நிதிக்குத் தாலியைத் தவிர்த்த நகையெல்லாம் கழற்றித் தந்த பெண்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். கேட்டால் தரும் மக்கள் இவர்கள். அதனால்தான் கேட்பவர் எப்படிக் கேட்கிறார் என்பதை நாம் தெரிந்திருக்க வேண்டும்.

அதே 23ஆம் பிரிவு, அத்தகைய பணியை மதம், இனம், சாதி, வகுப்பு ஆகியவற்றை மட்டும் வைத்து வேறுபடுத்தி விதிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. 1914இன் தாளில் இல்லாத வரி இது. என்றாலும் போதாது. ஆளைக் கேட்கும் அரசு பொருளின் கணக்கையும் காட்ட வேண்டும். லாபம் பார்ப்பவரின் பெட்டியும் உழவரின் களத்துமேடும் ஒரே அளவில் கேட்கப்பட வேண்டும். பெண்ணின் உழைப்பு பின்குறிப்பாகாமல் முதல் பத்தியிலேயே வர வேண்டும். திரும்பி வருவோருக்கும் வராதோரின் வீட்டுக்கும் என்ன செய்வோம் என்பது போவதற்கு முன்பே எழுதப்பட வேண்டும். அமைதிக் காலத்தில் ஒருவரை முழுக் குடிமகனாக நடத்தாத நாட்டுக்கு, போர்க்காலத்தில் அவரை முழுக் குடிமகனாக அழைக்கும் தகுதி இல்லை. புதுச்சேரியின் ரெனோன்சான்கள் வாழ்ந்து காட்டிய பாடம் இது. அடுத்த ஆணையை எழுதப் போகிறவர்கள் படித்துவிட்டு எழுதட்டும்.